துருத்தி நின்ற பல்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். தலை பாதி நரைத்தாயிற்று, வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் மகளும் இருக்கிறாள். இருந்தாலும் இவர் மாப்பிள்ளைதான். எல்லாம் மச்சான் செய்த வேலை. தச்சுப் பட்டறையில் கூட்டாளியான மச்சான், அதாவது இவர் மனைவியின் அண்ணன், தெருமுனைவரை கேட்கிற குரலில் நாள் முழுக்க "மாப்பிள்ள, மாப்பிள்ள" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பேப்பர் போடுகிறவர் வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் எங்கோ ஒரு பெட்டியில் சான்றிதழ்களோடு தூங்குகிறது.

அந்தக் குரல்தான் கொஞ்ச நாளாகக் காலையில் கேட்பதில்லை. மாப்பிள்ளை உள்ளே நுழைந்து, செருப்பை விட்டு, "வந்துட்டேன் மச்சான்" என்று சொல்லித் தன் மேசைக்குப் போவார். மச்சான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் போட்ட இரண்டு வேலை மேசைகள். கையை நீட்டினால் தோளைத் தொடலாம். அத்தனை பக்கத்தில் நின்று சொன்ன பேச்சு சுவரிடம் சொன்ன பேச்சாகப் போனால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

கோபம் என்று வைத்துக்கொள்ளலாம். கோபத்துக்குக் காரணமும் இருந்தது. குழந்தைகள் காப்பகத்து டீச்சர் பொம்மைப் பெட்டிகள் செய்யச் சொல்லி வந்திருந்தபோது, "யாரு சார் செய்வீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. "வேலையெல்லாம் நான் செய்வேன் டீச்சர். மச்சானுக்கு வயசாயிடுச்சு, கடைசியில தடவிப் பாத்து அனுப்புவாரு" என்றார். டீச்சர் சிரித்தார். மச்சானும் சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் இந்த மௌன விரதம். மச்சான் முசுடு இல்லை. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு குமுறுகிற ஆளும் இல்லை. கோபம் வந்தால் உளியைத் தூக்கி மேசைமேல் போட்டுவிட்டு நாலு வார்த்தை கத்துவார், டீ போடுவார், அத்தோடு முடிந்தது. இந்த வயதில் புதிதாக இதை எங்கே கற்றுக்கொண்டார் என்றுதான் மாப்பிள்ளைக்குப் புரியவில்லை.

மௌனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பல்தான் அவரை ஒரு வழி பண்ணியது.

பெட்டி வேலை இப்படி நடக்கும். பலகைகளின் முனைகளைப் பல்பல்லாக வெட்டுவது மாப்பிள்ளை. ஒரு பலகையின் பற்கள் மற்றதன் இடைவெளிகளில் போய் உட்காரும், இரண்டு கை விரல்களைக் கோர்ப்பதுபோல. பசை தடவி, தட்டி இறக்கி, கிளாம்பு போட்டு முறுக்கி வைப்பதும் அவர்தான். பற்களை வேண்டுமென்றே அரை நூல், அதாவது ஒரு கடுகளவு, நீளமாக விடுவார். பசை காய்ந்தபின் அவை பலகைக்கு வெளியே லேசாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துருத்தலை ரூட்டர் மெஷின் வைத்துப் பலகையோடு பலகையாகச் சீவிவிடுவது மச்சான். மெஷினின் அடித்தட்டு பலகைமேல் ஊர்ந்து போகும். நடுவில் சுற்றுகிற வெட்டுமுனையான பிட்டு காகிதக் கனம் உயரத்தில் நின்றுகொண்டு பற்களை மட்டும் கொறித்துத் தள்ளும். மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். மச்சான் சீவிய மூட்டில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால், ஒரு பலகை எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: ஒட்டினவர் சீவக் கூடாது. ஒட்டினவருக்குத் தன் மூட்டின்மேல் பாசம் இருக்கும். எங்கே இடைவெளி விழுந்தது என்று அவருக்குத் தெரியும், அங்கே மட்டும் நாலு தேய்ப்பு கூடத் தேய்த்து மூடி மறைக்கப் பார்ப்பார். அடுத்தவர் கைக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது. கூட்டுச் சேர்ந்த முதல் வருடம் இதற்காகக் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டுத்தான் இந்தச் சட்டத்துக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை ஒட்டிய மூட்டில் மாப்பிள்ளை மெஷினை வைத்ததில்லை.

இப்போது மச்சான் சீவி முடித்து அடுக்கி வைக்கிற பெட்டிகளில் அங்கங்கே பல் துருத்திக்கொண்டு நின்றது. எல்லாப் பல்லும் இல்லை. ஒரு வரிசை முழுக்க வழவழவென்று இருக்கும், கோடியில் ஒன்று அல்லது இரண்டு மட்டும் சீவாமல் அப்படியே நிற்கும். அரைகுறையாகக்கூட இல்லை, மெஷினே படாமல். முன்பக்கப் பலகையில் ஒரு பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே. அடுத்த பெட்டியில் வேறு மாதிரி. மாப்பிள்ளை அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கணக்கும் பிடிபடவில்லை.

மெஷின் கோளாறு என்றால் வரிசை முழுக்க அல்லவா கோளாறாக இருக்க வேண்டும்? கண் கோளாறு என்றால் மற்ற பற்கள் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தம்? அப்படியானால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். எதற்கு? 'நான் தடவிப் பாத்து அனுப்புற ஆளுதானே, நீயே சீவிக்கோ' என்று சொல்லாமல் சொல்கிறாரா? சட்டத்தை மீறி இவர் கை வைக்கிறாரா என்று சோதிக்கிறாரா? சீவினால் சட்டத்தை மீறினவர் இவர். சீவாவிட்டால் பெட்டி கெட்டுப்போகும், ஒட்டினவர் என்ற முறையில் கெட்ட பெயரும் இவருக்கே. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

அதைவிடக் குழப்பம் மத்தியானங்களில் வந்தது. மச்சானின் மேசைக்கு வலப்புறம், சுவரோரமாகத் தண்ணீர்க் கேன் இருந்தது. மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க அங்கே போய் நின்றால், காலையெல்லாம் கல்லாய் இருந்த மனிதர் முகம் மலர்ந்து, "என்ன மாப்பிள்ள, எப்ப வந்த? ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பாப்பா திட்டிச்சா?" என்பார். தங்கையை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"எப்ப வந்தனா? காலையிலேருந்து பக்கத்துலதான நிக்கிறேன்!"

"அப்படியா? சத்தமே காணோம்" என்று சொல்லிவிட்டு மச்சான் வேலையைப் பார்ப்பார்.

மாப்பிள்ளைக்குத் தண்ணீர் புரையேறும். நக்கல் என்றால் இப்படியா ஒருவர் முகத்தில் துளிக் கள்ளமும் இல்லாமல் நக்கல் அடிப்பார்? தன் மேசைக்குத் திரும்பி, "மச்சான், அந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்தால் மறுபடி பதில் இருக்காது. நாலடி தூரத்துக்குள் ஒரு மனிதர் எப்படி நண்பராகவும் விரோதியாகவும் மாறி மாறி இருக்க முடியும் என்று யோசித்து யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருக்கிற அண்ணனுக்கு மத்தியானச் சாப்பாடு தங்கை வீட்டிலிருந்துதான் போகும். நடுவில் தடுப்பு வைத்த டப்பாவில் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் காய்.

"இன்னைக்கும் காயைத் தொடவே இல்ல பாருங்க" என்று மனைவி டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "வெறும் சோத்தத் தின்னுட்டு வச்சிருக்கு. நேத்தும் இதே கதை. என் கை பக்குவம் இப்பத்தான் கசக்குதா? உங்க ரெண்டு பேர் சண்டையில என் சாப்பாடு என்ன பண்ணுச்சு?"

"சண்டைன்னு யாரு சொன்னா? அவர்தான் பேச மாட்டேங்கிறாரு."

"எங்கிட்ட நல்லாத்தான பேசுது! நேத்து மேல போனேன், உக்காரச் சொல்லி வாய் ஓயாமப் பேசுச்சு. பாதி முகம்தான் சவரம் பண்ணியிருந்துச்சு. என்னண்ணே இது கோலம்னு கேட்டா, நல்லாத்தான் பண்ணியிருக்கேன்னு எம்மேல எரிஞ்சு விழுது."

"பாதி முகமா?"

"ஆமா. உங்க மேல இருக்கிற கோவத்துல பாதியிலேயே எந்திரிச்சுட்டுதோ என்னவோ."

கோபத்தில் பாதி முகத்தோடு எழுந்து போகிற மனிதரை மாப்பிள்ளை கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அவள் சொன்னபோது அது ஏதோ நியாயமாகத்தான் பட்டது. ஒருவர்மேல் மனத்தாங்கல் வந்துவிட்டால், அவர் தும்மினால்கூட நமக்கு எதிராகத்தான் தும்மினார் என்று தோன்றும்.

அடுத்த நாள் டீச்சர் பெட்டிகளைப் பார்க்க வந்தார். நாலைந்தைத் தொட்டுப் பார்த்து, "அழகா இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே கையை இழுத்தார். துருத்திய பல்லில் சட்டைக் கை மாட்டி நூல் பிரிந்தது. அவர் குனிந்து அந்தப் பல்லை விரலால் தடவினார்.

"குழந்தைங்க கை வைக்கிற பெட்டி சார் இது."

"முடிக்கலைங்க டீச்சர். இன்னும் வேலை இருக்கு" என்று மாப்பிள்ளை பொய் சொன்னார். காது சூடாகிவிட்டது. மச்சான் அந்தப் பக்கம் உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தார், தனக்கு ஒன்றுமே இல்லாததுபோல. அந்த நிமிடம் மாப்பிள்ளை முடிவு பண்ணிவிட்டார். போதும். பட்டறையைப் பிரித்துக்கொள்ளலாம். மேசை ஆளுக்கு ஒன்று, ரூட்டர் மெஷின் அவருக்கு, கிளாம்புகள் இவருக்கு. நாளைக் காலையில் சொல்லிவிட வேண்டியது. மனைவி அழுவாள், அழட்டும். இத்தனை வருடச் சேர்க்கையை ஒற்றைப் பல்லால் குத்திக் குத்திக் கிழிக்கிறவரோடு எப்படி இருப்பது? மச்சான் இல்லாத பட்டறையில் தன்னை யார் மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள் என்று ஒரு அசட்டு யோசனையும் வந்தது.

மறுநாள் அவர் வந்தபோது மச்சான் இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை. பிரிவதாக இருந்தாலும் டீச்சர் வேலையை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் பிரியலாம் என்று மாப்பிள்ளை நினைத்தார். சட்டமாவது மண்ணாவது. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மச்சானின் மேசையில் வைத்தார். ரூட்டர் மெஷின் இருப்பது அங்கேதான். எத்தனையோ வருடத்தில் முதல்முறையாக மச்சான் நிற்கிற இடத்தில் அவர் நின்றார். தரையில்கூட அந்த இடம் பாதத்தின் அளவுக்கு மழுங்கியிருந்தது.

பெட்டியை மச்சான் வைக்கிற மாதிரியே வைத்தார். பக்கவாட்டில் சாய்த்து, சீவ வேண்டிய வரிசை தன் வயிற்றுக்கு முன்னால் குறுக்காக வரும்படி. எத்தனை ஆயிரம் தடவை பக்கத்திலிருந்து பார்த்த விஷயம்! துருத்திய பல் இடது கோடியில் இருந்தது. சரி. அடுத்த வரிசைக்கு மச்சான் பெட்டியை அப்படியே அரை வட்டம் திருப்புவார். இவரும் திருப்பினார். பல் இடது கோடியில் இருந்தது. பெட்டியைப் புரட்டி அடுத்த முகம். இடது கோடி. மறுபடி திருப்பினார். இடது கோடி.

அடுக்கி வைத்திருந்தபோது மேலும் கீழுமாகத் தாறுமாறாகத் தெரிந்த பற்கள் எல்லாம், இங்கே நின்று பார்த்தால், ஒன்றுவிடாமல் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன. இன்னொரு பெட்டியை எடுத்தார். இன்னொன்று. மெஷினை எடுக்கவே மறந்துவிட்டது.

என்ன கோபம் இது, இடது பக்கமாகவே வருகிற கோபம்?

தலையைத் தூக்கினார். இடது பக்கத்தில் அவருடைய மேசை இருந்தது. "வந்துட்டேன் மச்சான்" என்று சொல்கிற மூலை. தண்ணீர்க் கேன் வலது பக்கம். "எப்ப வந்த?" என்று முகம் மலர்கிற பக்கம். டப்பாவில் மனைவி காய் வைக்கிறது எந்தப் பக்கம் என்று யோசித்தார், இடது. சவரம் பண்ணாத பாதி எது என்று அவளிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை என்று தோன்றியது. புரிந்ததா என்றால் புரியவில்லை. கண் நன்றாகத்தானே இருக்கிறது அவருக்கு? காது நன்றாகத்தானே கேட்கிறது? ஒரு மனிதரின் ஒரு பக்கத்து உலகம் அவருக்குத் தெரியாமல் எப்படிக் காணாமல் போகும்?

படியில் காலடி கேட்டது. மாப்பிள்ளை சட்டென்று விலகித் தன் மேசைக்கு வந்துவிட்டார். அடுத்தவர் இடத்தில் நின்று பிடிபட்ட கூச்சம். மச்சான் நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டு, இடித்ததைக் கவனிக்காமல் உள்ளே வந்தார். வலது சட்டைக் கை முழங்கைவரை மடிந்திருந்தது. இடது சட்டைக் கை மணிக்கட்டுவரை தொங்கியது, பொத்தான்கூடப் போடாமல். மெஷினில் துணி சிக்கும் என்று மற்றவர்களைத் திட்டுகிற மனிதர்.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

மச்சான் மேசையில் தயாராகக் கிடந்த பெட்டியை ஒரு ஆச்சரியமும் இல்லாமல் இழுத்து வைத்து, மெஷினை எடுத்து ஸ்விட்சைத் தட்டினார். பட்டறை முழுக்க இரைச்சல். இரண்டு கைகளும் கைப்பிடிகளில்தான் இருந்தன. சட்டென்று இடது கை மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப்போல நழுவிப் பெட்டியின்மேல் விழுந்தது, வரிசையின் இடது கோடியில். வலது கை நிதானமாக, எப்போதும்போல அழகாக, பிட்டை அதை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. மச்சானின் பார்வை மரத்தூளில் இருந்தது. கை அவருக்குத் தெரியவில்லை. சொந்தக் கை.

"மச்சான், கை! கை!" மாப்பிள்ளை போட்ட சத்தம் இரைச்சலில் போனதா, அந்தப் பக்கத்தில் போனதா தெரியாது. அவர் அடுத்து எதையும் யோசிக்கவில்லை. தன் மேசைக்கு அடியில் சுவரில் செருகியிருந்த மெஷின் பிளக்கை வயரோடு பிடுங்கினார்.

மெஷின் முனகி, சுற்றித் தணிந்து நின்றது. பிட்டுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு பல்லின் அகலம் இருந்தது.

"கரண்ட்டு போச்சா?" என்று மச்சான் மேலே விளக்கைப் பார்த்தார். விளக்கு எரிந்தது. குழப்பத்தோடு மெஷினைப் பார்த்தார்.

மாப்பிள்ளை மேசையைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் வந்து நின்றார்.

"அட, மாப்பிள்ள! எப்ப வந்த?"

"இப்பத்தான் மச்சான்." தொங்குகிற சட்டைக் கையைப் பார்த்தபடி கேட்டார். "சட்டைக் கைய மடிச்சீங்களா?"

"மடிச்சிருக்கேனே. கண்ணு தெரியல உனக்கு?"

"சரி. இந்த வரிசை எல்லாத்தையும் சீவியாச்சா?"

"நேத்தே சீவியாச்சு. இப்ப சும்மா ஒரு ஓட்டு ஓட்டலாம்னு. ஏன், குறை கண்டுபிடிக்க வந்தியா?"

மாப்பிள்ளை அவருடைய வலது கையைப் பிடித்தார். ஆட்காட்டி விரலை வரிசையின் வலது கோடியில் வைத்து, மெல்ல இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். வழவழவென்று வந்த விரல் ஒரு இடத்தில் முட்டி நின்றது. மச்சானின் புருவம் நெரிந்தது. விரலால் பல்லைத் தடவினார், திரும்பத் தடவினார். தலை மெதுவாக விரல் இருந்த பக்கம் திரும்பியது. அங்கே பல்லைப் பார்த்தார். பல்லுக்குப் பக்கத்தில் கிடந்த கையைப் பார்த்தார். அதன்மேல் தொங்கிய சட்டைத் துணியைப் பார்த்தார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

பல்லைக் கேட்டாரா, கையைக் கேட்டாரா என்று மாப்பிள்ளை கேட்கவில்லை.

"எல்லாத்தையும் சீவினேனே மாப்பிள்ள. ஒண்ணுகூட விடலையே." தெருமுனைவரை கேட்கிற அந்தக் குரல் பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "நீ எங்கிட்ட விளையாடுறியா?"

"இல்ல மச்சான். உக்காருங்க. மெஷின விடுங்க, உக்காருங்க."

மனைவிக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். என்னவென்று சொல்வது என்று தெரியாமல், தெரிந்ததையெல்லாம் கொட்டினார்: பல், காய், சவரம், கை. எதிர்முனையில் இருந்த நர்ஸ் பாதியிலேயே குறுக்கிட்டார். "தலையில ரத்த ஓட்டம் அடைச்சிருக்கலாம் சார். அப்படி ஆனா ஒரு பக்கம் இருக்கிறதே மனசுல பதியாது, அது அவங்களுக்கே தெரியாது. உடனே கூட்டிட்டு வாங்க. எப்பலேருந்து இப்படி இருக்கு?"

மாப்பிள்ளைக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. தினம் தினம் மனதில் குறித்து வைத்திருந்தார், மச்சானின் திமிர் என்ற கணக்கில். "நான் அவர்கிட்ட கோவிச்சுக்கிட்டதுலேருந்து" என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "கொஞ்ச நாளாவே இருக்கு சிஸ்டர். நான்தான் கவனிக்கல" என்றார். போனை வைத்தபின் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுததை மச்சான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை நின்றது அவருடைய இடது பக்கம்.

மனைவி ஓட்டமாக வந்து சேர்ந்தாள். வாசலில் வண்டி நின்றது. மச்சானை எழுப்பியபோது மாப்பிள்ளைக்கு ஒரு நிமிடம் எந்தப் பக்கம் பிடிப்பது என்று விளங்கவில்லை. வலது பக்கம் போனால் பேசலாம், சிரிக்க வைக்கலாம், அவருக்குத் தான் இருப்பது தெரியும். ஆனால் நிலைப்படி இடிக்கிற தோள் மறுபக்கம் இருந்தது.

"நீ அந்தப் பக்கம் புடிச்சுக்க. பேசிக்கிட்டே வா" என்று மனைவியிடம் சொன்னார். தான் இடது பக்கம் போய், தொங்கிய சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, அந்தக் கையைத் தன் கையோடு கோர்த்துக்கொண்டார். வாசலில் நிலைப்படிக்கும் மச்சானுக்கும் நடுவில் தன் தோளைக் கொடுத்தார். நல்ல இடி.

படி இறங்கியதும் மச்சான் நின்றுவிட்டார்.

"பாப்பா, மாப்பிள்ள வரலையா?"

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை கோர்த்த விரல்களை இறுக்கினார்.

"வந்துட்டேன் மச்சான்."

மச்சான் தங்கையின் தலைக்கு மேலாக, வலது பக்கத்துத் தெருவை அந்தக் கோடிவரை தேடிப் பார்த்தார்.

"சீக்கிரம் வா மாப்பிள்ள" என்று சத்தமாகக் கூப்பிட்டார். "நீ இல்லாம நான் எங்கயும் போகல."